சப்மிட் பட்டனை எத்தனை தடவை அமுக்கலாம்?

இந்த முறை நம் சுவர் இதழின் அறிவியல் பகுதிக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, இணையத்தில் விண்ணப்பம் நிரப்பும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பது. உதவித்தொகை, சான்றிதழ், தேர்வு, காலேஜ், வேலை என்று இனிமே நாம எதுக்குமே ஆன்லைன்லதான் விண்ணப்பம் போடப் போறோம். அதனால இது எல்லாருக்கும் உதவும். நான் இதை அழுதுட்டுத்தான் கத்துக்கிட்டேன். நீங்க அழாம கத்துக்கணும்னு எழுதறேன்.

முதலில் என் கதை

ஒரு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். அம்மா களையெடுக்கப் போகாமல், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு என்னை டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனாங்க. கம்ப்யூட்டர் சென்டரில் ஒரே கூட்டம். எங்க முறை வரும்போது மணி நாலு ஆயிடுச்சு. அங்கிருந்த அண்ணன் என் விவரங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு அடித்தார்.

முதல் தடங்கல் என் பெயரிலேயே வந்தது. "முதல் பெயர்", "கடைசிப் பெயர்" என்று இரண்டு கட்டம் இருந்தது. நமக்கு ஏது கடைசிப் பெயர்? இனிஷியல்தான். அண்ணன் இனிஷியலை ஒரே எழுத்தாகப் போட்டார். "குறைந்தது 3 எழுத்து வேண்டும்" என்று சிவப்பில் வந்தது. அப்புறம் அப்பா பெயரை முழுசாகப் போட்டோம். ஏற்றுக்கொண்டது.

எல்லாம் முடிந்து சப்மிட் பட்டனை அமுக்கினார். திரையில் ஒன்றுமே மாறவில்லை. ஒரு நிமிஷம் போச்சு. ரெண்டு நிமிஷம் போச்சு. அம்மா, "இன்னொருக்கா அமுத்திப் பாரு தம்பி"ன்னு சொன்னாங்க. அவர் அமுக்கினார். உடனே சிவப்பு எழுத்தில், "இந்த ஆதார் எண் ஏற்கனவே பயன்படுத்தப்பட்டுள்ளது" என்று வந்தது. மறுபடியும் அமுக்கினார். மறுபடியும் அதேதான்.

"யாரோ உன் நம்பர்ல ஏற்கனவே போட்டுட்டாங்க போல பாப்பா" என்றார் அண்ணன். பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க. எழுந்து வந்துட்டோம். பஸ்ஸில் நான் அழுதேன். அதோடு நிற்காமல், "நீதானம்மா இன்னொருக்கா அமுத்தச் சொன்ன, அதான் கெட்டுப்போச்சு"ன்னு அம்மாவைத் திட்டினேன். அம்மா ஒண்ணும் சொல்லல. ராத்திரி அவங்க சாப்பிடவும் இல்ல.

மறுநாள் கணக்கு டீச்சரிடம் சொன்னேன். டீச்சர் அந்தத் தளத்திலேயே "விண்ணப்ப நிலை" என்ற பக்கத்தைத் திறந்து என் விவரத்தைப் போட்டாங்க. என் விண்ணப்பம் இருந்தது! முதல் நாள் மாலை 4.12க்குப் பதிவாகியிருந்தது. அதாவது, முதல் தடவை அமுக்கினப்பவே அது போயிடுச்சு. என் நம்பரில் விண்ணப்பம் போட்டது வேறு யாரும் இல்லை, நாங்களேதான்.

அப்படின்னா அது போனதை ஏன் எங்களிடம் சொல்லவில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது என் பெரியம்மா மகள். பி.சி.ஏ. படிக்கிற அக்கா. விடுமுறைக்கு வந்தபோது, அக்காவோட லேப்டாப்பில் நாங்க ரெண்டு பேரும் ஒரு விண்ணப்பப் படிவமே செய்து பார்த்தோம். அதில் கற்றதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

ரெண்டு இடத்தில் ரெண்டு சோதனை

நம் முன்னால் படிவத்தைக் காட்டுகிற மென்பொருளுக்குப் பெயர் பிரவுசர். தமிழில் உலாவி. நாம் அனுப்புவதை வாங்கிச் சேமித்து வைக்கிற தூரத்துக் கம்ப்யூட்டருக்குப் பெயர் சர்வர். ஓட்டல்ல இட்லி கொண்டு வர்ற சர்வர்னு சொல்றோமே, அதே வார்த்தைதான். கேட்டதைக் கொண்டு வந்து தருவதால் இந்தப் பெயர்.

நம்ம வகுப்பில் வீட்டுப்பாட நோட்டை எப்படி வைக்கிறோம்? முதலில் லீடர் வாங்குவாள். "பேர் எழுதினியா? தேதி போட்டியா?" என்று பார்ப்பாள். இல்லைன்னா அங்கேயே திருப்பிக் கொடுத்துடுவாள். சரியா இருந்தால்தான் நோட்டு டீச்சர் மேசைக்குப் போகும். கணக்கு சரியா தப்பான்னு டீச்சர்தான் பார்ப்பாங்க. பிரவுசர் செய்கிற சோதனை லீடர் செய்வது மாதிரி. சர்வர் செய்கிற சோதனை டீச்சர் செய்வது மாதிரி.

ஆரம்பத்தில் பிரவுசருக்கு இந்த லீடர் வேலை தெரியாது. ஒரு கட்டத்தை விட்டுவிட்டாலும் படிவம் சர்வர் வரைக்கும் போய்த்தான் திரும்பி வரும். டெலிபோன் லைன் வழியாக இணையம் வந்த காலம் அது. ஒவ்வொரு தடவையும் காத்துக் கிடக்கணும். 1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் சுமார் 10 நாளில் ஒரு கணினி மொழியின் முதல் வடிவத்தைச் செய்தார். அதுதான் ஜாவாஸ்கிரிப்ட். அது பிரவுசருக்குள்ளேயே ஓடும். தப்பை அங்கேயே கண்டுபிடிக்கிற வேலைக்குத்தான் ஆரம்பத்தில் அதை நிறையப் பயன்படுத்தினார்கள். 2014 அக்டோபரில் எச்.டி.எம்.எல்.5 முழுத் தரமாக வெளிவந்தது. இதில் "ரிக்கொயர்டு" என்று ஒரே ஒரு வார்த்தை எழுதினால் போதும், அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாது. "பேட்டர்ன்" என்று எழுதி, எழுத்தும் எண்ணும் எந்த வரிசையில் வரணும்னும் சொல்லலாம்.

எங்க படிவத்தில் நாங்க வைத்த விதிகள்:

1. மொபைல் எண்: 10 இலக்கம். முதல் இலக்கம் 6, 7, 8, 9 இவற்றில் ஒன்று.
2. பின்கோடு: 6 இலக்கம். முதல் இலக்கம் 0 ஆக இருக்கக் கூடாது. (இந்தியாவில் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது.)
3. பேங்க் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு: மொத்தம் 11 இடம். முதல் 4 எழுத்துகள் பேங்க். ஐந்தாவது இடத்தில் பூஜ்யம். கடைசி 6 இடம் கிளை. நிறையப் பேர் பூஜ்யத்துக்குப் பதிலா ஆங்கில "ஓ" எழுத்தை அடிச்சிடுவாங்க. இந்த விதி அதைப் பிடிச்சிடும்.
4. ஆதார் எண்: 12 இலக்கம். இதில் கடைசி இலக்கம் ஒரு காவல்காரன். முன்னாடி இருக்கிற 11 இலக்கத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால்தான் அந்தக் கடைசி இலக்கம் வரும். இந்தக் கணக்கை 1969இல் வெளியிட்டவர் நெதர்லாந்து நாட்டுக் கணித அறிஞர் வெர்ஹோஃப். ஏதாவது ஒரு இலக்கத்தை மாற்றி அடித்தாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கம் இரண்டு இடம் மாறினாலும் தெரிந்துவிடும்.

இது எல்லாமே பிரவுசருக்குள்ளேயே முடிகிற வேலை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எண் சரியாக அடிக்கப்பட்டிருக்கிறதா என்றுதான் பிரவுசரால் சொல்ல முடியும். அது யாருடைய எண், ஏற்கனவே விண்ணப்பம் வந்திருக்கிறதா என்பதெல்லாம் சர்வருக்குத்தான் தெரியும். லீடருக்குத் தேதி தெரியும், விடை தெரியாது.

லீடரை ஏமாற்றலாம்

"அப்போ பிரவுசரே பார்த்துட்டா சர்வர் இன்னொரு தடவை எதுக்கு அதே விதியைப் பாக்கணும்?" என்று நான் கேட்டேன். அக்கா பதில் சொல்லாமல் எஃப்12 விசையை அமுக்கினாங்க. நாங்க எழுதின பக்கத்தின் உள்ளெழுத்து அப்படியே தெரிந்தது. அதில் "ரிக்கொயர்டு" என்ற வார்த்தையை அழிச்சாங்க. மொபைல் எண் கட்டத்தைக் காலியாக விட்டு சப்மிட் அமுக்கினாங்க. போயிடுச்சு! அரை நிமிஷம் கூட ஆகல.

பிரவுசர் நம்ம கம்ப்யூட்டர்ல இருக்கு. அதில் இருப்பதை நாம் மாற்ற முடியும். அதனால் பிரவுசர் சோதனை நமக்கு உதவி செய்யத்தானே தவிர, காவலுக்கு ஆகாது. காவல் சர்வரில்தான் இருக்கணும். லீடர் பார்த்துட்டாள்னு டீச்சர் திருத்தாமல் விட்டால் என்ன ஆகும்? (இந்தச் சோதனையை நாங்கள் எங்கள் சொந்தப் படிவத்தில்தான் செய்தோம். மற்றவர் தளத்தில் செய்யக் கூடாது.)

விதியே தப்பாக இருந்தால்?

என் இனிஷியல் கதைக்கு வருவோம். "கடைசிப் பெயர் குறைந்தது 3 எழுத்து" என்பது யாரோ ஒருவர் எழுதின விதி. பிரவுசருக்குத் தானாக எதுவும் தெரியாது. எழுதினவருக்குத் தெரிந்ததுதான் அதற்கும் தெரியும். குடும்பப் பெயர் வைக்கிற ஊரை நினைத்து எழுதியிருக்கலாம். நம்ம ஊரில் பாதிப் பேருக்கு மேல் இந்த விதியில் மாட்டுவோம்.

தமிழில் பெயர் எழுதினால் இன்னொரு சிக்கலும் உண்டு. "செல்வி" என்பதில் எத்தனை எழுத்து? மூன்று என்று ஒன்றாம் வகுப்புக் குழந்தையே சொல்லும். ஆனால் ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் 6 என்று சொல்லும்! ச, அதன் ஒற்றைக்கொம்பு, ல, அதன் புள்ளி, வ, அதன் மேல்விலங்கு என்று தனித்தனியாக எண்ணும். யூனிகோடு முறையில் தமிழ் அப்படித்தான் சேமிக்கப்படுகிறது. ஆகவே "20 எழுத்துக்கு மேல் கூடாது" என்று விதி வைத்தால், தமிழில் கொஞ்சம் நீளமான பெயர் உள்ளவர் பாதிப் பெயரோடு நிற்க வேண்டியதுதான்.

அக்கா சொன்னது: "படிவம் நம்ம பேரை ஏத்துக்கலைன்னா தப்பு பேர்ல இல்லடி, விதியிலதான் இருக்கு." எங்க படிவத்தில் "முழுப்பெயர் (இனிஷியலுடன்)" என்று ஒரே கட்டம்தான் வைத்தோம்.

மாவு மில்லும் கம்ப்யூட்டரும்

இப்போ முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். சப்மிட் அமுக்கிய பிறகு என்ன நடக்கிறது?

மாவு மில்லுக்கு ரெண்டு விதமா போகலாம். ஒண்ணு, டப்பாவை வைத்துவிட்டு அரைத்து முடிக்கும் வரைக்கும் அங்கேயே நிற்பது. இன்னொண்ணு, டப்பாவை வைத்துவிட்டு, "அண்ணே, அரைச்சதும் கூப்பிடுங்க"ன்னு சொல்லிட்டு பக்கத்துக் கடைக்குப் போய் வருவது. பழைய இணையப் பக்கங்கள் முதல் வகை. சப்மிட் அமுக்கினால் பக்கம் முழுவதும் வெளுத்துப்போய், புதுப் பக்கம் வரும்வரை ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவது முறைக்கு ஏசிங்க்ரனஸ் என்று பெயர். "காத்து நிற்காத முறை" என்று நான் ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

1999இல் வந்த மைக்ரோசாஃப்ட்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5இல் இதற்கான வசதி முதலில் வந்தது. 2004 ஏப்ரலில் வந்த ஜிமெயில், 2005 பிப்ரவரியில் வந்த கூகுள் மேப்ஸ் இரண்டும் இந்த முறையை உலகத்துக்கே காட்டின. அதே 2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் என்பவர் இதற்கு "ஏஜாக்ஸ்" என்று பெயர் வைத்தார். இப்போது ஜாவாஸ்கிரிப்டில் "ஃபெட்ச்" என்ற கட்டளையால் இதைச் செய்கிறார்கள்.

ஃபெட்ச் கட்டளை கொடுத்தவுடனே பதில் கையில் வராது. ஒரு வாக்குறுதிதான் வரும். அதற்குப் பெயரே "பிராமிஸ்". மில்காரர் கொடுக்கிற டோக்கன் மாதிரி. அதற்கு மூன்று நிலை: காத்திருக்கிறது, நிறைவேறியது, தோற்றது. இதில் நான் ஏமாந்த இடம் ஒன்று. சர்வர் "முடியாது" என்று பதில் அனுப்பினாலும் ஃபெட்ச்சைப் பொறுத்தவரை அது "நிறைவேறியது"தான். ஏனென்றால் பதில் வந்துவிட்டதே! அந்தப் பதில் நல்ல பதிலா கெட்ட பதிலா என்பதை அதிலுள்ள எண்ணைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளணும். 200 என்றால் சரி. 404 என்றால் கேட்டது அங்கே இல்லை. 409 என்றால் ஏற்கனவே உள்ளதோடு மோதுகிறது. 500 என்றால் சர்வரிலேயே கோளாறு.

பதில் வராவிட்டால் என்ன அர்த்தம்?

என் விஷயத்தின் முடிச்சு இதுதான். பதில் வரவில்லை என்றால் மூன்று காரணம் இருக்கலாம்.

முதலாவது: நாம் அனுப்பியது போகிற வழியிலேயே தொலைந்திருக்கலாம்.
இரண்டாவது: சர்வருக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே வேலை நடந்துகொண்டு இருக்கலாம். கடைசி நாளில் எல்லாரும் ஒரே நேரத்தில் வருவதால் தாமதமாகும்.
மூன்றாவது: வேலை முடிந்து, பதில் திரும்பி வருகிற வழியில் தொலைந்திருக்கலாம்.

திரையைப் பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒன்றும் மாறாமல் அப்படியே இருக்கும். ஆகவே பதில் வரவில்லை என்பதற்கு, போய்ச் சேரவில்லை என்று அர்த்தம் இல்லை. ஊருக்குப் போன மாமா போன் பண்ணலைன்னா போய்ச் சேரலைன்னு அர்த்தமா? போனில் சார்ஜ் இல்லாமலும் இருக்கலாமே.

எங்களுக்கு நடந்தது ரெண்டாவதாகவோ மூன்றாவதாகவோ இருக்கணும். முதல் அமுக்கலில் விண்ணப்பம் பதிவாகிவிட்டது. பதில் எங்கள் கண்ணுக்கு வரவில்லை. இரண்டாவது அமுக்கலில் அதே விண்ணப்பம் மறுபடியும் போனது. சர்வர் பார்த்தது. "இந்த ஆதார் எண் ஏற்கனவே இருக்கு" என்றது. அது சொன்னது உண்மைதான். ஆனால் யாரிடம் சொல்கிறோம் என்று அதற்குத் தெரியவில்லை. அந்தச் சிவப்பு எழுத்து எங்களுக்குத் தோல்வி மாதிரி தெரிந்தது. உண்மையில் அதுதான் விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததற்குச் சாட்சி.

எங்கள் படிவத்தை எப்படிச் சரிசெய்தோம்?

அக்கா எங்க சர்வரில் வேண்டுமென்றே 10 விநாடி தாமதம் வைத்தாங்க. நான் பட்டனை 4 தடவை அமுக்கினேன். பட்டியலில் என் பெயர் 4 தடவை ஏறியிருந்தது. பிறகு ஒவ்வொன்றாகச் சரிசெய்தோம்.

1. அமுக்கினவுடன் பட்டன் மங்கிவிடும். மறுபடி அமுக்க முடியாது. அதன் மேல் "அனுப்பப்படுகிறது, காத்திருக்கவும்" என்று வரும்.
2. படிவம் திறக்கும்போதே அதற்கு ஒரு ரகசிய டோக்கன் எண் கொடுத்தோம். அதே டோக்கனோடு இரண்டாவது தடவை வந்தால் சர்வர் திட்டாது. "உங்கள் விண்ணப்பம் முன்பே வந்துவிட்டது. பதிவு எண் இது" என்று முதல் தடவை சொல்ல வேண்டிய பதிலையே சொல்லும். எத்தனை தடவை அமுக்கினாலும் விண்ணப்பம் ஒன்றுதான்.
3. 30 விநாடியில் பதில் வராவிட்டால் "தோல்வி" என்று காட்டாமல், "பதில் வரவில்லை. விண்ணப்ப நிலைப் பக்கத்தில் பார்க்கவும்" என்று காட்டும்.
4. தப்பு இருந்தால் எந்தக் கட்டத்தில், ஏன் என்று எழுத்தில் சொல்லும். வெறும் சிவப்பு நிறம் போதாது. நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவர்களும் இருக்கிறார்கள். நிரப்பிய மற்றக் கட்டங்களை அழிக்காது.

இன்னொரு வேடிக்கையும் பார்த்தோம். பின்கோடு போட்டால் மாவட்டம் தானாக வருகிற மாதிரி வைத்தோம். நான் முதலில் ஒரு பின்கோடைத் தப்பாகப் போட்டு, உடனே மாற்றிச் சரியாகப் போட்டேன். சரியான மாவட்டம் வந்தது. ரெண்டு விநாடி கழித்துத் தப்பான மாவட்டம் வந்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டது! முதல் கேள்வியின் பதில் தாமதமாக வந்திருக்கிறது. கேட்ட வரிசையில்தான் பதில் வரும் என்பது நிச்சயமில்லை. அதனால் கேள்விகளுக்கு வரிசை எண் போட்டு, கடைசிக் கேள்வியின் பதிலை மட்டும் ஏற்கும்படி மாற்றினோம்.

நாம் நினைவில் வைக்க வேண்டியவை

1. கடைசி நாள் வரை காத்திருக்கக் கூடாது.
2. சப்மிட்டை ஒரு தடவை அமுக்கிவிட்டுப் பொறுமையாக இருக்கணும்.
3. பதில் வராவிட்டால் மறுபடி அமுக்கும் முன், விண்ணப்ப நிலையைப் பார்க்கணும். மொபைலுக்கு செய்தி வந்திருக்கிறதா என்றும் பார்க்கணும்.
4. "ஏற்கனவே உள்ளது" என்று வந்தால் பயப்படாமல், அது நம்முடையதுதானா என்று முதலில் பார்க்கணும்.
5. பதிவு எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டுதான் எழுந்து வரணும்.

செய்து பாருங்கள்

நம் நூலகத்தில் 978 என்று தொடங்கும் 13 இலக்க எண் உள்ள புத்தகம் ஒன்றை எடுங்கள். அதன் இலக்கங்களை வரிசையாக 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டுங்கள். எடுத்துக்காட்டு: 9780306406157. கூட்டினால் 9+21+8+0+3+0+6+12+0+18+1+15+7=100. விடை 10ஆல் மீதியின்றி வகுபட்டால் எண் சரி. பிறகு ஏதாவது ஒரு இலக்கத்தை மட்டும் மாற்றிக் கூட்டிப் பாருங்கள். வகுபடாது. பிரவுசர் செய்கிற சோதனையை நீங்களே கையால் செய்துவிட்டீர்கள்!

கடைசியாக ஒன்று. இன்னொருக்கா அமுத்தச் சொன்னது அம்மா தப்பு இல்லை. ரெண்டு நிமிஷம் ஒன்றுமே சொல்லாமல் இருந்தால் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். "காத்திருக்கவும்" என்று ஒரு வார்த்தை திரையில் வந்திருந்தால், அம்மா அன்று ராத்திரி சாப்பிட்டிருப்பாங்க. இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லி, திட்டினதுக்கு மன்னிப்பும் கேட்டேன். அம்மா கேட்டது ஒன்றுதான்: "அப்ப அது அன்னிக்கே போயிருச்சா?" "போயிருச்சும்மா" என்றேன்.

எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். சந்தேகம் இருந்தால் மதிய இடைவேளையில் என்னைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி